என் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டார்கள்: வாக்குச்சாவடி அடையாளத் தகராறுகள், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் ஒரு வாட்ஸ்அப் செய்தி தவறாமல் வந்துவிடும். பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஆதாரைக் காட்டி, 49ஏ பிரிவின் கீழ் ‘சேலஞ்ச் ஓட்டு’ கேளுங்கள். உங்கள் ஓட்டை வேறொருவர் போட்டிருந்தால் ‘டெண்டர் ஓட்டு’ கேளுங்கள். ஒரு பூத்தில் டெண்டர் ஓட்டு 14 சதவீதத்தைத் தாண்டினால் அங்கே மறுவாக்குப்பதிவு நடக்கும் என்று மூன்று விஷயம் சொல்லும். நடுவில் இருப்பது மட்டும்தான் உண்மை, அதுவும் பாதிதான் சொல்லப்பட்டிருக்கிறது. இதை நம்பிப் போய் வாக்குச்சாவடி வாசலில் சண்டை போடுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள். கீழே உள்ள பதில்கள் சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களுக்கானவை. உள்ளாட்சித் தேர்தலுக்குத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

வாக்காளர் அட்டை கையில் இருக்கிறது. பட்டியலில் பெயர் இல்லை. சேலஞ்ச் ஓட்டு போடலாமா?

முடியாது. ஓட்டுரிமை பட்டியலிலிருந்து வருகிறது, அட்டையிலிருந்து அல்ல. பட்டியலில் பெயர் இல்லாதவர் வாக்களிக்க முடியாது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 62-ஆம் பிரிவு நேரடியாகவே சொல்கிறது. அட்டை, ஆதார் எல்லாம் ‘பட்டியலில் உள்ள அந்த ஆள் நான்தான்’ என்று காட்டுவதற்கு மட்டுமே. அந்த வாட்ஸ்அப் செய்தி சொல்லும் 49ஏ விதியை எடுத்துப் பார்த்தால், அது மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் எப்படி வடிவமைக்கப்பட வேண்டும் என்பதைப் பற்றியது. எழுதியவர் விதியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஆனால் ‘பெயர் இல்லை’ என்று யாராவது சொன்னதும் திரும்பிவிடாதீர்கள். ஒரே பள்ளிக்கூடத்தில் நான்கைந்து வாக்குச்சாவடிகள் இருக்கும். உங்கள் பெயர் பக்கத்து அறையின் பாகத்தில் இருக்கலாம். 1950 என்ற உதவி எண்ணிலோ தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலோ அட்டை எண்ணைக் கொடுத்துப் பாகம் எண், வரிசை எண் இரண்டையும் பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு 2025 டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. ‘போன தேர்தலில் போட்டேனே’ என்ற நம்பிக்கையில் சும்மா இருக்கும் காலம் போய்விட்டது. பெயர் விட்டுப்போயிருந்தால் படிவம் 6 கொடுக்க வேண்டியது தேர்தலுக்கு முன்னால். வாக்குப்பதிவு நாளில் வாக்குச்சாவடியின் தலைமை அலுவலரிடம் கெஞ்சியும் பயனில்லை, அவருக்குப் பெயர் சேர்க்கும் அதிகாரமே கிடையாது.

அப்படியென்றால் சேலஞ்ச் ஓட்டு என்பது என்ன?

அது வாக்காளர் கேட்டு வாங்கும் ஓட்டே அல்ல. வாக்காளருக்கு எதிராக வேட்பாளரின் முகவர் (பூத் ஏஜென்ட்) எழுப்பும் ஆட்சேபம். தேர்தல் நடத்தை விதிகள் 1961-இல் 49ஜே என்ற விதி இதைச் சொல்கிறது.

நடைமுறையில் இப்படி நடக்கும். நீங்கள் உள்ளே போனதும் முதல் வாக்குச்சாவடி அலுவலர் உங்கள் பெயரையும் வரிசை எண்ணையும் சத்தமாக வாசிப்பார். அது உங்களுக்காக அல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பூத் ஏஜென்ட்களுக்காக. அவர்களில் ஒருவர் ‘இவர் அந்த ஆள் இல்லை’ என்று நினைத்தால், ஓர் ஆட்சேபத்துக்கு 2 ரூபாய் வீதம் ரொக்கமாகத் தலைமை அலுவலரிடம் கட்டி ஆட்சேபிக்கலாம். உடனே தலைமை அலுவலர் ஒரு சிறு விசாரணை நடத்த வேண்டும். ஆள்மாறாட்டத்துக்கு என்ன தண்டனை என்று முதலில் எச்சரிப்பார். பட்டியலில் உள்ள பதிவை முழுதாகப் படித்துக் காட்டி, ‘இது நீங்கள்தானா?’ என்று கேட்பார். பெயரையும் முகவரியையும் படிவம் 14-இல் எழுதிக் கையெழுத்து வாங்குவார். பிறகு ஆட்சேபித்த முகவரிடம் ஆதாரம் கேட்பார், உங்களிடமும் கேட்பார். உறுதிமொழி எடுக்கச் சொல்லிக் கேள்வி கேட்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு.

ஆட்சேபித்தவர்தான் முதலில் ஏதாவது காட்ட வேண்டும் என்பதை இங்கே கவனியுங்கள். ‘எனக்குச் சந்தேகமாக இருக்கிறது’ என்று மட்டும் சொன்னால் போதாது. மேலோட்டமான ஆதாரம்கூட அவரிடம் இல்லையென்றால் நீங்கள் சாதாரணமாக இயந்திரத்தில் ஓட்டுப் போடலாம். ஆட்சேபம் நிரூபணமானால் வாக்களிக்க அனுமதி இல்லை, அந்த நபரை எழுத்துப்பூர்வப் புகாரோடு போலீஸிடம் ஒப்படைப்பார்கள்.

வெறும் 2 ரூபாயா?

ஆமாம், இன்றைக்கும் 2 ரூபாய்தான். ஆட்சேபம் விளையாட்டுத்தனமானது, நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்டதல்ல என்று தலைமை அலுவலர் கருதினால் அது அரசுக்குப் போய்விடும். இல்லையென்றால் விசாரணை முடிந்ததும் திருப்பித் தந்துவிடுவார். 1961-இல் அதற்குக் கொஞ்சம் மதிப்பு இருந்திருக்கும். இன்றைக்கு வேண்டுமென்றே வரிசையைத் தாமதப்படுத்த நினைக்கும் ஒரு முகவரை இது தடுக்காது. அவரைத் தடுப்பது தலைமை அலுவலரின் கண்டிப்பு ஒன்றுதான். இரண்டு மூன்று ஆட்சேபங்கள் அடுத்தடுத்துத் தள்ளுபடியானால் நல்ல அலுவலர் எச்சரித்துவிடுவார்.

என்னை ஆட்சேபித்தால் நான் என்ன செய்வது?

கோபப்படாமல் இருப்பதுதான் பாதி வேலை. அட்டையைக் காட்டுங்கள். அப்பா பெயர், வீட்டு எண், வீட்டில் வேறு யார் யாருக்கு ஓட்டு இருக்கிறது என்று கேட்டால் சொல்லுங்கள். வரிசையில் பக்கத்து வீட்டுக்காரர் நின்றால் அவரைக் கூப்பிடலாம், அங்கே இருக்கும் தெரிந்தவர்களின் சாட்சியத்தையும் தலைமை அலுவலர் கேட்கலாம். கிராமங்களில் இது ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ‘எங்க பெரியப்பா மகன்தான் சார்’ என்று எதிர்க்கட்சி முகவரே சொல்லிவிடுவார். சென்னை, கோவை போன்ற இடங்களில் அடுக்குமாடிக் குடியிருப்பு வாக்காளரை எந்த முகவருக்கும் தெரியாது. கள்ள ஓட்டும் அந்த இடைவெளியில்தான் நுழைகிறது.

‘இவர் இந்த ஊரிலேயே இல்லை, பட்டியலில் இருக்கவே கூடாது’ என்று முகவர் சொன்னால்?

அது இந்த விசாரணைக்குள் வராது. வாக்குச்சாவடியில் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: பட்டியலில் உள்ள ஆளும் எதிரில் நிற்கும் ஆளும் ஒருவரா? அவருக்குத் தகுதி இருக்கிறதா, வேறு ஊருக்குப் போய்விட்டாரா என்பதெல்லாம் பட்டியல் தயாரிக்கும்போது எழுப்ப வேண்டிய ஆட்சேபங்கள். படிவம் 7 இருப்பதே அதற்காகத்தான்.

வயதில் மட்டும் ஒரு சின்ன விலக்கு உண்டு. பார்த்தால் பள்ளி மாணவர்போல் இருக்கிறார், ஆனால் பெயரும் அடையாளமும் சரி என்றால், தலைமை அலுவலர் வயது குறித்து உறுதிமொழி எழுதி வாங்குவார். பொய் சொன்னால் என்ன தண்டனை என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். எழுதிக் கொடுத்தால் ஓட்டுப் போடலாம்.

எந்த அடையாள அட்டை செல்லும்? ரேஷன் கார்டு போதுமா?

போதாது. தமிழ்நாட்டில் அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான். வாக்காளர் அட்டை இல்லாவிட்டால் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, புகைப்படம் உள்ள ஓய்வூதிய ஆவணம், அரசு அல்லது பொதுத்துறைப் பணி அடையாள அட்டை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை போன்றவை செல்லும். பட்டியல் ஒவ்வொரு தேர்தலுக்கும் ஆணையத்தின் உத்தரவாக வெளிவரும். ரேஷன் ஸ்மார்ட் கார்டு அதில் இல்லை. பூத் சிலிப்பும் 2019 முதல் தனி அடையாள ஆவணம் அல்ல, வரிசை எண்ணைத் தேடுவதற்கு மட்டும்தான் அது உதவும்.

அட்டையில் ‘சுப்பிரமணியன்’, பட்டியலில் ‘சுப்ரமணி’ என்று இருந்தால் கவலை வேண்டாம். ஆளை அடையாளம் காண முடிகிறது என்றால் எழுத்துப் பிழையைப் பொருட்படுத்தக் கூடாது என்பதுதான் ஆணையத்தின் அறிவுரை. புகைப்படம் பொருந்தாவிட்டால் மட்டும் வேறு ஆவணம் ஒன்றைக் காட்ட வேண்டியிருக்கும். வெளிநாடு வாழ் வாக்காளராகப் பதிவு செய்தவர்களுக்கு அசல் பாஸ்போர்ட் மட்டுமே.

ஏஎஸ்டி பட்டியலில் என் பெயர் இருக்கிறதாம். நான் உயிரோடுதான் இருக்கிறேன்!

வீட்டில் இல்லாதவர், இடம் மாறியவர், இறந்தவர் என்று வாக்குச்சாவடி நிலை அலுவலர் குறித்த பெயர்களின் பட்டியல் அது. அதில் பெயர் இருப்பதால் ஓட்டு போய்விடாது. தலைமை அலுவலர் தாமே உங்கள் ஆவணத்தைச் சரிபார்ப்பார், ஓட்டுப் போட வந்தவர்களைக் குறிக்கும் 17ஏ பதிவேட்டில் கையெழுத்தோடு கைரேகையும் வாங்குவார். கையெழுத்துப் போடத் தெரிந்தவர் என்றாலும் ரேகை வேண்டும். கொஞ்சம் சங்கடம்தான். ஆனால் கள்ள ஓட்டுக்கு முதலில் பயன்படுவது இறந்தவர்களின் பெயர்கள்தான் என்பதால் இந்தக் கெடுபிடி நியாயம் என்றே எனக்குப் படுகிறது.

என் ஓட்டு ஏற்கெனவே போடப்பட்டுவிட்டது என்கிறார்கள். இப்போது என்ன செய்வது?

முதல் காரியம், வெளியே போகாதீர்கள். வெளியே வந்து கத்தினால் பேட்டி எடுக்க ஆள் வருவார், ஓட்டு வராது.

இரண்டாவது, அது உண்மையிலேயே கள்ள ஓட்டா அல்லது தவறான வரியில் கோடு போடப்பட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரே தெருவில் இரண்டு முருகன், மூன்று செல்வி இருப்பது சகஜம். 17ஏ பதிவேட்டில் ஓட்டுப் போட வந்த ஒவ்வொருவரின் பட்டியல் வரிசை எண்ணும் கையெழுத்தும் இருக்கும். உங்கள் வரிசை எண்ணில் யாராவது கையெழுத்திட்டிருக்கிறாரா, அல்லது முதல் அலுவலர் பட்டியலில் மட்டும் தவறாகக் குறித்துவிட்டாரா என்பது அதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

யாரோ போட்டுவிட்டார்கள் என்று உறுதியானால், 49பி (49P) விதியின்படி டெண்டர் ஓட்டுக் கேளுங்கள். தலைமை அலுவலர் அடையாளம் குறித்துச் சில கேள்விகள் கேட்பார். பதில் திருப்தியாக இருந்தால் படிவம் 17பி-யில் (17B) உங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு வாக்குச்சீட்டைத் தருவார். இயந்திரத்தின் பொத்தானை அழுத்த முடியாது. இந்தச் சீட்டை ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு என்று அலுவலகத் தமிழில் சொல்வார்கள். இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் அதே வடிவச் சீட்டுதான், பின்பக்கம் மட்டும் டெண்டர் சீட்டு என்று முத்திரை இருக்கும். அதோடு தரும் ரப்பர் ஸ்டாம்பை எடுத்துக்கொண்டு மறைவிடத்துக்குப் போய், நீங்கள் விரும்பும் சின்னத்தின் மேல் குத்தி, மடித்துக்கொண்டு வந்து தலைமை அலுவலரிடமே தர வேண்டும். அவர் அதைத் தனி உறையில் வைப்பார். எந்தப் பெட்டியிலும் போடக் கூடாது.

‘டெண்டர் சீட்டெல்லாம் இல்லை, போங்கள்’ என்று சொன்னால்?

ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் வழக்கமாக 20 டெண்டர் சீட்டுகள் கொடுத்தனுப்புகிறார்கள். ‘இல்லை’ என்பது பெரும்பாலும் ‘உறையைத் திறக்கச் சோம்பல்’ என்றுதான் அர்த்தம். சில சமயம் அந்த அலுவலருக்கு இப்படி ஒரு விதி இருப்பதே நினைவில் இருக்காது. பல தேர்தல்களில் பணி செய்தும் ஒருமுறைகூட 17பி-யைத் தொடாதவர்கள் உண்டு. சண்டைக்குப் போகாமல், ‘49பி, படிவம் 17பி’ என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். எண்ணைச் சொன்னால் கையேட்டைப் புரட்டுவார். சில வருடங்களுக்கு முன் ஒரு விஜய் படத்தில் இந்த விதி வந்த பிறகு 49பி என்று சொன்னால் அலுவலர்களுக்கும் சட்டென்று புரிகிறது, அதற்கு சினிமாவுக்கு நன்றி. அப்படியும் மறுத்தால் மண்டல அலுவலரைக் கூப்பிடச் சொல்லுங்கள், 1950-க்குப் பேசுங்கள், உள்ளே இருக்கும் முகவரிடம் சொல்லி வையுங்கள். 20 சீட்டும் தீர்ந்துபோயிருந்தால் மண்டல அலுவலர் மூலமாகக் கூடுதல் சீட்டு வாங்க வேண்டும்.

சரி, அந்த டெண்டர் ஓட்டு எண்ணப்படுமா?

வாக்கு எண்ணும் நாளில் எண்ணப்படாது. அந்த உறையைத் திறக்கவே மாட்டார்கள். இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது, ‘அப்புறம் எதற்கு அது?’

காரணம் இருக்கிறது. உங்கள் பெயரில் ஒரு ஓட்டு ஏற்கெனவே இயந்திரத்தில் இருக்கிறது. அது எந்தச் சின்னத்துக்குப் போனது என்று யாருக்கும் தெரியாது. உங்கள் ஓட்டையும் சேர்த்து எண்ணினால் ஒரு பெயருக்கு இரண்டு ஓட்டு. இருவரில் யார் உண்மையான வாக்காளர் என்பதை வரிசையில் நூறு பேர் நிற்கும்போது இறுதியாகத் தீர்மானிக்கும் அதிகாரத்தையும் விதி தலைமை அலுவலருக்குத் தரவில்லை. அந்த முடிவு நீதிமன்றத்துடையது.

முடிவு வெளியான 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடலாம். வேட்பாளர்தான் போட வேண்டும் என்றில்லை, அந்தத் தொகுதியின் வாக்காளரும் போடலாம். வைப்புத் தொகை 2,000 ரூபாய். வழக்கில் டெண்டர் ஓட்டு உயிர்பெறுவதற்குச் சிறந்த உதாரணம் ராஜஸ்தானின் நாத்துவாரா. 2008 சட்டமன்றத் தேர்தலில் அங்கே அப்போதைய மாநிலக் காங்கிரஸ் தலைவர் சி.பி. ஜோஷி, பா.ஜ.க.வின் கல்யாண் சிங் சௌஹானிடம் ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். டெண்டர் ஓட்டுகள் பற்றிய சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. மனுவில் யாருடைய டெண்டர் ஓட்டு என்று குறிப்பிட்டு வாதாடியிருக்கிறார்களோ அவற்றைத்தான் பார்க்க முடியும், சொல்லாத சீட்டுகளை நீதிமன்றம் தானாக எடுத்து எண்ண முடியாது என்று 2011-இல் தீர்ப்பு வந்தது. ஆகவே 17பி-யில் உள்ள உங்கள் கையெழுத்து வெறும் ஆறுதல் இல்லை. வித்தியாசம் குறைவாக இருக்கும் தொகுதியில் அதுதான் ஆதாரம். 2021-இல் தியாகராய நகரில் வெற்றி வித்தியாசம் 137 ஓட்டுதான்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். வாக்குச்சீட்டுக் காலத்தில் அடிக்கட்டையில் வாக்காளர் எண் இருக்கும். நீதிமன்றம் நினைத்தால் கள்ள ஓட்டுச் சீட்டையே தேடி எடுத்துக் கழிக்க முடிந்தது. ரகசியம் முக்கியம்தான், ஆனால் தேர்தலின் தூய்மைக்கு முன்னால் அது வழிவிட வேண்டும் என்று கேரளத்தின் கோவளம் தொகுதி வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அந்த அடிப்படையில்தான். இயந்திரத்தில் அப்படிப் பிரித்தெடுக்க வழி இல்லை. டெண்டர் சீட்டைத் திறக்கலாம், உங்கள் பெயரில் போன கள்ள ஓட்டை இயந்திரத்திலிருந்து கழிக்க முடியாது.

14 சதவீதம் தாண்டினால் மறுவாக்குப்பதிவு உண்டா?

இல்லை. எந்தச் சட்டத்திலும் அப்படி ஒரு எண் கிடையாது. இயந்திரம் சேதமடைவது, எடுத்துச் செல்லப்படுவது, வாக்குச்சாவடி கைப்பற்றப்படுவது, முடிவைக் கெடுக்கும் அளவுக்கு நடைமுறைப் பிழை நடப்பது போன்றவற்றுக்குத்தான் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 58, 58ஏ பிரிவுகளின்படி ஆணையம் மறுவாக்குப்பதிவுக்கு உத்தரவிடும். ஒரு பூத்தில் டெண்டர் ஓட்டு குவிந்தால் ஆணையம் அனுப்பிய தேர்தல் பார்வையாளர் கண்டிப்பாகக் கவனிப்பார், அவரது அறிக்கைக்கு எடை உண்டு. ஆனால் தானாக நடப்பது எதுவும் இல்லை.

அம்மாவுக்கு 87 வயது. சாவடிக்குக் கூட்டிப் போனால் பெயருக்கு எதிரே ‘பிபி’ என்று இருக்கிறது, ஓட்டு இல்லை என்கிறார்கள்.

தபால் வாக்குச்சீட்டு என்பதன் குறி அது. 85 வயது தாண்டியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் படிவம் 12டி கொடுத்து வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். கொடுத்துவிட்டால் சாவடியில் போட முடியாது. வீட்டுக்கு வந்த குழுவிடம் ‘நேரில் போய்ப் போடுகிறோம்’ என்று சொல்லி அனுப்பிவிட்டுப் பிறகு சாவடிக்கு வந்து ஏமாறும் குடும்பங்கள் உண்டு. இதற்கு டெண்டர் ஓட்டும் பொருந்தாது.

தபால் ஓட்டில் அடையாளத் தகராறு வருமா?

வரும், நம் ஊரிலேயே வந்திருக்கிறது. 2016-இல் ராதாபுரத்தில் அ.தி.மு.க.வின் இன்பதுரை 49 ஓட்டில் தி.மு.க.வின் அப்பாவுவை வென்றதாக அறிவிக்கப்பட்டது. உறுதிமொழிப் படிவத்தில் பள்ளித் தலைமையாசிரியர் சான்றொப்பம் இட்டிருந்தார், அது செல்லாது என்று 203 தபால் ஓட்டுகள் ஒதுக்கப்பட்டிருந்தன. வழக்கு நடந்து, 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி மறு எண்ணிக்கையும் நடந்தது. முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அப்படியே அந்தச் சட்டமன்றத்தின் காலமும் முடிந்தது. தேர்தல் பணிக்குப் போகும் ஆசிரியர்கள் சான்றொப்பம் யாரிடம் வாங்குவது என்பதை அந்தந்தத் தேர்தலின் அறிவுரையைப் படித்து உறுதி செய்துகொள்வது நல்லது.

நான் அழுத்தியது ஒரு சின்னம், விவிபாட் (போட்ட ஓட்டைச் சீட்டில் காட்டும் கருவி) சீட்டில் வந்தது வேறு. யாரிடம் சொல்வது?

தலைமை அலுவலரிடம், அப்போதே. 49எம்ஏ விதியின்படி எழுத்துப்பூர்வ உறுதிமொழி வாங்குவார். பொய் என்றால் வழக்கு வரும் என்று முன்கூட்டியே எச்சரிப்பார். பிறகு முகவர்கள் முன்னிலையில் ஒரு சோதனை ஓட்டுப் போடச் சொல்வார். நீங்கள் சொன்னது உண்மையென்றால் அந்த இயந்திரத்தில் வாக்குப்பதிவு நிறுத்தப்படும். பொய்யென்றால் சோதனை ஓட்டு எந்த வேட்பாளருக்குப் போனது என்பது குறித்து வைக்கப்படும்.

உள்ளாட்சித் தேர்தலில் இன்னும் வாக்குச்சீட்டுதானே? அங்கே எப்படி?

ஊரகப் பகுதிகளில் அப்படித்தான். ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய வார்டு, மாவட்ட வார்டு என்று ஒருவருக்கே நான்கு சீட்டு, வெவ்வேறு நிறத்தில். அதை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், விதிகளும் தனி. அங்கே அடையாளத் தகராறைவிட அதிகம் வருவது சீட்டுக் கெட்டுப்போகும் பிரச்சினை. ஸ்டாம்ப் தவறிப் பட்டுவிட்டால் பெட்டியில் போட்டுவிடாமல் தலைமை அலுவலரிடம் கொண்டுவந்து காட்டிக் கேளுங்கள். பெட்டிக்குள் விழுந்த சீட்டை யாராலும் மாற்றித் தர முடியாது.

ஆள்மாறாட்டத்துக்குத் தண்டனை என்ன?

2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 174-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இரண்டு இடத்தில் பெயர் இருக்கிறது என்று இரண்டு முறை போட்டாலும் இதே கதிதான். ஒரே தொகுதிக்குள் அப்படிப் போட்டால் அவருடைய எல்லா ஓட்டும் செல்லாது.

நான் பூத் ஏஜென்டாக உட்காரப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் கையில் வைத்திருக்க வேண்டியவை: வாக்காளர் பட்டியலின் நகல், இறந்தவர் மற்றும் ஊரில் இல்லாதவர் பெயர்கள், கொஞ்சம் இரண்டு ரூபாய்ச் சில்லறை. காலையில் முதல் இரண்டு மணி நேரமும் மாலையில் கடைசி ஒரு மணி நேரமும் தூங்கிவிடாதீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தால் மாற்று முகவர் வந்த பிறகு எழுங்கள். வாக்குப்பதிவு முடிந்ததும் தலைமை அலுவலர் கையெழுத்திட்ட 17சி படிவத்தின் (பதிவான வாக்குகளின் கணக்கு) நகலை வாங்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள். எத்தனை பேருக்கு டெண்டர் சீட்டு தரப்பட்டது, எத்தனை சீட்டு மிச்சம் என்பதும் அந்தத் தாளில் இருக்கும். பலர் மொத்த வாக்கு எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.